மூன்று விரலும் ஏழு கோடும்

மூர்த்தி சார் பாக்கெட்டில் இருந்து கைக்குட்டையை எடுத்தார். ஒரு முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் கண்ணாடியில் தெரிந்த இந்தியாவுக்கு நட்டநடுவில் வைத்துத் தேய்த்தார்.

கோடு போகவில்லை.

இன்னொரு முறை தேய்த்தார். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு, அடிபிடித்த சட்டியைச் சுரண்டுகிற மாதிரி. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாப்பைப் பிழிந்துகொண்டு வாசல் ஓரம் நின்றிருந்தேன்.

"ஏமிட்டிம்மா இதி? பூஜை நேத்தே முடிஞ்சிபோச்சி. விபூதி இன்னும் போகலியே?"

"தொடச்சிட்டேன் சார்."

"தொடச்சியா? அப்போ இது இன்னா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். வெளுப்பாக, சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். பார்த்தால் விபூதி மாதிரித்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் துடைத்த கண்ணாடியில் விபூதி நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்காக நான் போட்ட சண்டையைத்தான் இந்த வாரப் பத்திரிகையில் எழுதப் போகிறேன். போன வாரம் மருமகளின் சமையலைப் பற்றி எழுதினேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. மூர்த்தி சார் தெலுங்குக்காரர். தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் தைரியமாக எழுதலாம்.

மண்டபத்துக்கு மேலே வானம்

அந்த ஆபீஸின் பெயரைப் போடக் கூடாது என்று பத்திரிகைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். போடச் சொன்னாலும் அது என் வாயில் நுழையாது. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம். அதற்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே கெட்டிமேளம் கொட்டும்போது மேலே கம்ப்யூட்டர் எல்லாம் லேசாக அதிரும்.

ஆகாயத்தில் விமானம் எங்கே குலுங்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அந்த ஆபீஸின் தொழில். மேளத்தில் குலுங்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள்.

மேலே ஒரு சாட்டிலைட் நிற்கிறதாம். அது அரை மணிக்கு ஒரு தரம் மேகத்தைப் படம் எடுத்து அனுப்பும். இவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'இன்ன இடத்தில் குலுக்கும், ஜாக்கிரதை' என்று விமானக் கம்பெனிகளுக்கு எழுதி அனுப்புவார்கள். அனுப்பினால் பைலட் பெல்ட் போடச் சொல்லுவார், இல்லை என்றால் உயரத்தை மாற்றிக்கொள்வார்.

என் வேலை கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது. தினமும் புத்தூரில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

எங்களுக்குப் புத்தூர் பக்கம் நிலம் இருந்தது. என் நைனா நாலு பேரை வைத்து வேலை வாங்கியவர். அவர் தினமும் காலையில் நகரி மலையைப் பார்த்து நின்று, இன்றைக்கு மழை உண்டு, இல்லை என்று சொல்லுவார். ஊரே கேட்டுக்கொள்ளும். எனக்குத் தெரிந்து ஒரு நாளும் பலித்ததில்லை. கடலை காயப்போட்ட அன்றைக்கெல்லாம் கொட்டும். அப்படிப்பட்டவரின் மகள் வானிலை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

துடைக்கிற வேலையை நான் தாழ்வாக நினைத்தது கிடையாது. ஆனால் துடைக்கத் தெரியாதவள் என்று ஒருத்தர் சொன்னால், அதை மட்டும் பொறுக்க மாட்டேன்.

புடவையில் விழும் சுருக்கம்

அங்கே ஜான்சி என்று ஒரு பெண். சித்தூரில் பழைய மிஷன் சர்ச்சுக்காரக் குடும்பம். மேகப் படம் பார்ப்பதில் கெட்டிக்காரி. என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். நான் டீ கொண்டுபோனால் ஒரு கையால் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் படத்தைக் காட்டுவாள். எனக்குப் புரியாது என்று அவள் நினைத்ததே இல்லை. அதற்காகவே அவளுக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போடுவேன்.

"மேகத்துக்குள்ள பூந்தா குலுக்கும்னு எல்லாருக்கும் தெரியும் பெரிம்மா. பைலட்டே பாத்து ஒதுங்கிக்குவாரு. ஆனா ஒண்ணுமே இல்லாத வெளுத்த ஆகாசத்துல குலுக்கும் பாரு, அதான் பேஜாரு. கண்ணுக்கும் தெரியாது, ரேடாருலயும் தெரியாது."

"தெரியாததை நீ இங்க குந்திக்கினு எப்டிம்மா பாக்கறே?"

"பக்கத்துல கீற மேகத்தைப் பாத்துதான்."

ரொம்ப உயரத்தில் காற்று ஓர் ஆறு மாதிரி ஓடுகிறதாம். அந்த ஆற்றோரமாக மெல்லிசான மேகம் நீளமாகப் போகும். வேகமான காற்றும் மெதுவான காற்றும் உரசுகிற இடத்தில், அந்த மேகத்துக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கோடாக விழும். அந்தக் கோடுகளைக் கண்டால் அக்கம்பக்கத்தில் மேகம் இல்லாத இடத்திலும் குலுக்கும் என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் புடவை மடிக்கும்போது, ஒருத்தி மட்டும் வெடுக்கென்று இழுத்தால் நடுவில் குறுக்கே சுருக்கம் விழுமே, அது மாதிரி.

"அதான் பெரிம்மா! கோடு ஆத்தோட நீளத்துக்குப் போனா பரவால்ல. குறுக்கே வுழுந்தா குலுக்கும்."

இதை மூர்த்தி சாரிடம் அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர் மேலதிகாரி. அவருக்குக் கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிற கலர்தான் வேதம். பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. "படத்தை உத்து உத்துப் பாத்துக்கினு இருந்தா கண்ணுதாம்மா கெடும்" என்பார். அவர் கண்ணாடி போட்டிருந்தார். ஜான்சி போடவில்லை.

நாமமா, பட்டையா

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். எல்லா மெஷினுக்கும் பூஜை உண்டு. சாட்டிலைட்டுக்குப் பூஜை செய்ய முடியாது, எட்டாது. கம்ப்யூட்டருக்குத்தான் செய்ய வேண்டும். அதற்கு நாமம் போடுவதா, விபூதிப் பட்டை போடுவதா?

மூர்த்தி சார் ஏழுமலையான் அடியிலேயே பிறந்து வளர்ந்தவர். நாமம்தான் என்று நிற்பார். நான் திருத்தணி முருகனுக்குக் காவடி எடுத்த குடும்பம். விடுவேனா?

"சார், தண்ணி காட்டி, தொடச்சி, தெனம் பாத்துக்கறது நான். பட்டைதான்."

அந்த வருஷம் சமாதானமாகப் போனோம். மூலையில் இருக்கிற பெரிய பீரோ மாதிரி மெஷினுக்கு நாமம். மேசை மேல் இருக்கிற கண்ணாடிகளுக்குப் பட்டை. பிரிண்டருக்குக் குங்குமப் பொட்டு மட்டும். ஜான்சி மேசைக்கு நானாகவே ஒன்றும் போடவில்லை. ஒரு செவ்வந்திப் பூ வைத்தேன். அவள் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சுண்டலை இரண்டு தரம் வாங்கித் தின்றாள்.

விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் இழுத்தேன். அழகாக விழுந்தது. மாலை வரைக்கும் விட்டுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் துடைத்தேன். முதலில் உலர்ந்த துணி. அப்புறம் பழைய வேட்டித் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரு தரம். மறுபடி உலர்ந்த துணி. சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகப் போகுது

மறுநாள் காலையில்தான் அந்தக் கைக்குட்டை விவகாரம். ஜான்சி லீவு. சித்தூரில் சொந்தக்காரர் கல்யாணம். மூர்த்தி சார் தனியாக இருந்தார். கணக்குக் கலர் பச்சை காட்டியது.

"சார், நகருங்க. நானே ஒரு தரம் தொடைக்கறேன்."

துடைத்தேன். கோடு அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா? இது கண்ணாடிக்கு மேல இல்ல சார். உள்ள கீது."

"உள்ள எப்டிம்மா போவும்? தண்ணியா கொழைச்சிப் போட்டே இல்ல, எறங்கியிருக்கும்."

அரை மணி ஆனதும் அடுத்த படம் வந்தது. கோடு எல்லாம் கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருந்தது. மூர்த்தி சார் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பாத்தியா! கொஞ்சம் கொஞ்சமா போவுது. காஞ்சிக்கினு வருது."

விபூதி காய்ந்தால் உதிரும். நடந்து போகாது. இதை நான் சொல்வதற்குள் அவர் பிரிண்ட் போட்டார். தினமும் காலையில் ஒரு படத்தை அச்செடுத்து ஃபைலில் வைக்க வேண்டும் என்று சட்டம். காகிதம் வெளியே வந்தது. அதிலும் கோடு.

இங்கேயாவது மனுஷனுக்கு உறைக்கும் என்று நினைத்தேன்.

"அய்யோ ராமா, பிரிண்டருக்கும் பட்டை போட்டியா?"

"பொட்டுதான் சார் வச்சேன்!"

"அதுவும் எறங்கிடிச்சி. நாளைக்கி மெக்கானிக்கைக் கூப்படணும்."

காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பச்சைக் கலரைப் பார்த்து, 'குலுக்கல் ஏதும் இல்லை' என்று எழுதி எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பினார். டீ கேட்டார். கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

குப்பைக் கூடையில் விழுகிற நல்ல வழவழப்புக் காகிதத்தை நான் விட மாட்டேன். நீவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி முழுக்க மேகம்தான் விரித்திருக்கும். பருப்பு டப்பா அரபிக் கடலில் நிற்கும்.

சாயந்தரம் புத்தூர் பஸ் ரேணிகுண்டா தாண்டிய பிறகுதான் சுருக்கென்றது. குறுக்கே வுழுந்தா குலுக்கும். ஜான்சி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! காலையில் இருந்து நான் அந்தக் கோட்டைப் பார்த்து, கண்ணாடி சுத்தம், கண்ணாடி சுத்தம் என்று கத்தினேனே தவிர, சுத்தமான கண்ணாடியில் தெரிகிற கோடு எதைச் சொல்கிறது என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. நான் சண்டை போட்டது என் பெயருக்காக. விமானத்துக்காக இல்லை.

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

நின்றுகொண்டு வேலை செய்கிறவள்

அதே நாள் மத்தியானமே நடந்துவிட்டிருக்கிறது. வடக்கே இருந்து வந்த ஒரு விமானம். நல்ல வெயில், ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. மத்தியப் பிரதேசத்துக்கு மேலே வரும்போது தூக்கிப் போட்டிருக்கிறது. உட்கார்ந்திருந்தவர்களில் பல பேர் பெல்ட் போட்டிருந்தார்கள், தப்பித்தார்கள். டீ வண்டி தள்ளிக்கொண்டு போன பெண் மட்டும் மேல்கூரையில் முட்டி விழுந்திருக்கிறாள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

ஜான்சி மறுநாள் வந்து இதைச் சொன்னாள். எனக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. ஆனால் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு டீ கொடுப்பது எப்படி என்று தெரியும்.

ஒரு வாரம் கழித்துப் பெங்களூரில் இருந்து பெரிய ஆபீஸர் ஒருத்தர் விசாரணைக்கு வந்தார். கீழே அன்றைக்குச் சீமந்தம். மேலே விசாரணை. மூர்த்தி சார் முந்தின நாளே இங்கிலீஷில் டைப் அடித்து ஒரு காகிதம் தயாராக வைத்திருந்தார்.

"கன்னியம்மா, இங்க ஒரு சைன் பண்ணு."

எனக்கு மூன்றாம் கிளாஸ் படிப்பு, அதுவும் முழுசாக இல்லை; தமிழ் மட்டும் அப்புறம் நானாகப் படித்து எழுதப் பழகியது, இங்கிலீஷ் வராது. ஆனால் கன்னியம்மா என்கிற ஆறெழுத்தையும் கோணாமல் போடுவேன். அதனாலேயே கண்ட இடத்தில் போடுவதில்லை.

"இன்னா எழுதியிருக்கீங்க சார்?"

"சும்மா ஃபார்மாலிட்டி."

"ஃபார்மாலிட்டியைத் தமிழ்ல படிக்கச் சொல்லுங்க."

பெரிய ஆபீஸர் தலையாட்டினார். ஜான்சி வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பூஜையில் போட்ட விபூதியைச் சரியாகத் துடைக்காததால் கண்ணாடி மறைந்து, படம் தெளிவாகத் தெரியவில்லை. அதற்கு நானே பொறுப்பு. இனிமேல் நான் வேலையில் தொடர விரும்பவில்லை. கடைசி வரியைச் சொல்லும்போது அவள் மூர்த்தி சாரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

போட்டால் வேலை போகும். அதைவிட, துடைக்கத் தெரியாதவள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அந்தப் பெண்ணின் எலும்பு ஒரு சிட்டிகை விபூதியால் முறிந்தது என்று ஃபைலை மூடிவிடுவார்கள். நாளைக்கும் கோடு விழும். நாளைக்கும் கைக்குட்டையை எடுப்பார்கள்.

நான் பையைத் திறந்து, மடித்த காகிதத்தை எடுத்து மேசை மேல் விரித்தேன். வீட்டு அலமாரியில் இருந்து காலையிலேயே உருவிக்கொண்டு வந்திருந்தேன்.

பெரிய ஆபீஸர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். வங்காள விரிகுடாவில் விரலை வைத்தார்.

"இங்கே வட்டமா இருக்குதே? புயலா?"

"எண்ணெய் டப்பா சார். புயல் இல்ல. அதை வுடுங்க, மேல பாருங்க."

மேலே பார்த்தார்.

"அன்னிக்கிக் காலையில மூர்த்தி சார் போட்ட பிரிண்டு இது. அவரே கசக்கிப் போட்டாரு. மெஷினுல விபூதி எறங்கியிருந்தா காகிதம் பூரா கோடு வரணுமா இல்லியா? தலைப்புல எழுத்து சுத்தமா கீது. கடலு சுத்தமா கீது. நம்ம திருப்பதி சுத்தமா கீது. என் விபூதி மட்டும் டிக்கெட் வாங்கிக்கினு மத்தியப் பிரதேசத்துக்குப் போயி, அந்த மேகத்து மேல மட்டும் குந்திக்கிச்சா?"

ஜான்சி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அட்லா காது சார், அப்டி இல்ல," என்றார் மூர்த்தி சார். "கண்ணாடியிலயும் இருந்திச்சி. நான் கண்ணால பாத்தேன்."

"எத்தினி கோடு பாத்தீங்க?"

"இன்னாம்மா?"

"எண்ணுங்க சார்."

பெரிய ஆபீஸரே பேனா முனையை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு. ஏழு.

நான் வலது கையைத் தூக்கி, நடு மூன்று விரலை நீட்டிக் காட்டினேன்.

"நாங்க பட்டை போடறது இதால. மூணுதான் வரும். எனக்கு ஏழு விரலு இல்ல."

கீழே வளையல் அடுக்குகிற சத்தமும் பெண்கள் பாடுகிற சத்தமும் கேட்டது. பெரிய ஆபீஸர் டைப் அடித்த காகிதத்தை எடுத்து, மூர்த்தி சாரிடமே திருப்பிக் கொடுத்தார். எண்ணெய்க் காகிதத்தைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். அலமாரிக்கு வேறு காகிதம் தேட வேண்டியதாகப் போயிற்று.

தீர்ப்பு

ஒரு மாசம் கழித்துத் தீர்ப்பு வந்தது. படத்தில் கோடு இருந்தது உண்மை. கண்ணாடி சுத்தமாக இருந்தது உண்மை. கணக்கு பச்சை காட்டியதும் உண்மை. எல்லாமே உண்மையாக இருப்பதால் யார் மேலும் தப்பு இல்லை. இனி கணக்கோடு படத்தையும் பார்த்தே எழுத வேண்டும். ஆயுத பூஜைக்கு விபூதி, நாமம் எதுவானாலும் மேசைக் காலுக்கு மட்டும் போட வேண்டும். இதைப் படித்துப் படித்து ஜான்சி சிரித்தாள்.

மூர்த்தி சாரைப் பதினைந்து நாள் பயிற்சிக்குப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். போன மாதிரியே திரும்பி வந்தார், கையில் ஒரு சர்டிபிகேட்டோடு. அதன் ஃபிரேம் கண்ணாடியையும் நான்தான் துடைத்தேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. டீயில் சர்க்கரை மட்டும் அடுத்த பொங்கல் வரைக்கும் போடவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலை. ஜான்சி இன்னும் வரவில்லை. மூர்த்தி சார் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கை தானாகப் பாக்கெட் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது.

"கன்னியம்மா."

"இன்னா சார்?"

"கொஞ்சம் இப்டி வாம்மா." குரலைத் தாழ்த்தினார். "இது உன்னுதா? வானத்துதா?"

மாப்பைச் சுவரில் சாய்த்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். அவசரப்படவில்லை. வேட்டித் துணியால் மேலிருந்து கீழாக ஒரு தரம், உலர்ந்த துணியால் ஒரு தரம். அப்புறம் சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்த்தேன். நீளமாக ஒரு மேகம். அதற்குக் குறுக்கே, புடவைச் சுருக்கம் மாதிரி, கோடு கோடாக. இந்த முறை எண்ணக்கூட இல்லை.

"வானத்துது சார். எழுதி அனுப்புங்க."

"கலரு பச்சை காட்டுதேம்மா."

"அந்தப் பொண்ணுக்கு எலும்பு முறிஞ்ச அன்னிக்கும் பச்சைதான் காட்டிச்சி."

அவர் தட்ட ஆரம்பித்தார். முடித்து, அனுப்புகிற பட்டனை அமுக்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அப்புறம் போய் டீ போட்டேன்.

எங்கேயோ மேலே, வெள்ளை வெயிலில், ஒரு பெண் தன் டீ வண்டியை ஓரமாகப் பூட்டி நிறுத்திவிட்டு, உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருப்பாள்.

மூர்த்தி சார் டீயில் அன்றைக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன்.